அத்தியாயம் 6: எதிரணியைப் பார்த்துத் தற்காப்பை அமைப்பது

பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்திவிட்டால் அது தற்காப்பு ஆகிவிடாது. ஹாட்ரிக்கில் புதிதாக அணி நடத்த வந்தவர்களில் பலர் இதை நம்பவே மறுக்கிறார்கள். கோல் வாங்கினால் ஒரு டிஃபென்டரைக் கூட்டுகிறார்கள். மறுபடியும் வாங்கினால் இன்னொருவரையும் கூட்டுகிறார்கள். கடைசியில் நடுக்களத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சுகிறார்கள். பந்து முழுக்க எதிரணியிடமே இருக்கிறது, கோல் எண்ணிக்கையும் குறைவதில்லை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எதிரணி எந்தப் பக்கமாக வரும் என்று பார்க்காமல் போட்ட தற்காப்பில் பாதி ஆட்கள் வீண்.

நூல் முழுவதும் ஹாட்ரிக்கை வைத்தே பேசி வருகிறேன். 1997-ல் ஸ்வீடனில் தொடங்கிய இணையக் கால்பந்து மேனேஜர் விளையாட்டு இது. ஓடுகிற பொம்மைகள் கிடையாது, விலையுயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாம். பழைய போனில் ஒரு பிரவுசர் இருந்தால் போதும். வார இறுதியில் ஒரு லீக் ஆட்டம், நடுவாரத்தில் ஒரு கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ. இந்தியாவுக்கென்று தனி லீக் அமைப்பும் உண்டு. திருவண்ணாமலை மாதிரி ஊரில் படிப்பு, கடை, வயல் என்று ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே அணி நடத்துகிறவர்களுக்கு இந்த வேகம் பொருந்துகிறது. டாப் லெவன், ஃபுட்பால் மேனேஜர் ஆடுகிறவர்களும் இதைப் படிக்கலாம். அங்கே எண்களும் பொத்தான்களும் மாறும்; எதிரணியைப் பார்த்து வரிசை போடுகிற முறை மாறாது.

முதலில் ஆட்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது தெரியாமல் தற்காப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஓர் அணிக்கு ஏழு ரேட்டிங்குகள் உண்டு. நடுக்களத்துக்கு ஒன்று, தற்காப்புக்கு இடம், நடு, வலம் என்று மூன்று, தாக்குதலுக்கும் அதேபோல மூன்று. ஆட்டத்தில் கோல் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதை நடுக்கள ரேட்டிங் தீர்மானிக்கிறது. பொதுவான வாய்ப்புகள் ஐந்து. அவை இரண்டு அணிகளில் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். அதோடு ஒவ்வோர் அணிக்கும் தனியாக ஐந்து வாய்ப்புகள் உண்டு. நடுக்களத்தில் வென்றால்தான் அவை கைக்கு வரும், தோற்றால் யாருக்கும் இல்லாமல் போய்விடும். வாய்ப்பு கிடைத்த பிறகு அது எந்த வழியாகப் போகும் என்று பார்க்கப்படுகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு முப்பத்தைந்து நடுவழியாக, இடமும் வலமும் இருபத்தைந்து இருபத்தைந்து, மீதிப் பதினைந்து ஃப்ரீ கிக், பெனால்டி மாதிரியான செட் பீஸ்கள். அந்த இடத்தில்தான் உங்கள் தற்காப்பு ரேட்டிங்கும் எதிரணியின் தாக்குதல் ரேட்டிங்கும் நேருக்கு நேர் நிற்கின்றன.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. தற்காப்பின் முதல் வேலை நடுக்களத்தில் நடக்கிறது. எதிரணிக்கு எட்டு வாய்ப்பு கிடைக்கிற ஆட்டத்தில் நல்ல பின்வரிசையும் இரண்டு கோல் வாங்கும். நாலு வாய்ப்பு கிடைக்கிற ஆட்டத்தில் சுமாரான பின்வரிசைகூடத் தாங்கும். ஒரு டிஃபென்டரைச் சேர்க்கும்போதெல்லாம் நடுக்களத்திலிருந்தோ முன்வரிசையிலிருந்தோ ஓர் ஆளை எடுக்கிறீர்கள். அந்த விலை கட்டுப்படியாகிறதா என்பதை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. மைதானத்தில் நாம் ஸ்டாப்பர் என்று சொல்கிறவரை, அதாவது நடுப் பின்வரிசை ஆட்டக்காரரை, மூன்று பேர் வரை நிறுத்தலாம். ஆனால் ஆள் கூடக்கூட ஒவ்வொருவருடைய பங்களிப்பும் குறைகிறது. மூன்று பேரை நிறுத்தினால் ஒவ்வொருவரும் தன் முழுத் திறனில் பத்தில் ஒன்பது பங்கைத்தான் தருவார். மூன்றாவது ஸ்டாப்பர் முழு ஸ்டாப்பர் அல்ல. இதைத் தெரிந்துகொண்டு அவரைச் சேர்ப்பது வேறு, தெரியாமல் சேர்ப்பது வேறு.

எதிரணியைப் படிப்பது

ஹாட்ரிக்கில் எதிரணி ஆட்டக்காரர்களின் திறன் அளவுகள் உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் ஆடி முடித்த ஒவ்வோர் ஆட்டத்தின் அறிக்கையிலும் ஏழு ரேட்டிங்குகளும் வெளிப்படையாக இருக்கும். வரிசை, ஃபார்மேஷன், என்ன தந்திரம் பயன்படுத்தினார்கள் என்பதும் இருக்கும். இவ்வளவு தகவலை இலவசமாகக் கொடுத்த பிறகும் அதைத் திறந்து பார்க்காமல் வரிசை போடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

கடைசி நான்கு ஆட்டங்களை எடுங்கள். லீக் ஆட்டங்களைத் தனியாகவும் நட்பு ஆட்டங்களைத் தனியாகவும் பாருங்கள். நட்பு ஆட்டத்தில் பலர் பயிற்சிக்காகப் பையன்களை இறக்குவார்கள், அந்த எண்களை நம்பக் கூடாது. ஒரு நோட்டில் ஏழு ரேட்டிங்குகளையும் வரிசையாக எழுதுங்கள். ஆட்டம் வார்த்தைகளில்தான் சொல்லும், அதை எண்ணாக்கிக்கொள்ளுங்கள். வீக் என்றால் 4, பாஸபிள் 6, சாலிட் 7, எக்ஸலன்ட் 8, ஃபார்மிடபிள் 9. ஒவ்வொரு படியிலும் நான்கு உட்படிகள் உண்டு. கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டால் போதும்.

எழுதி முடித்ததும் மூன்று கேள்விகள். எதிரணி மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள்: அவருடைய தாக்குதல் எந்தப் பக்கம் கனம்? அந்தக் கனம் நான்கு ஆட்டத்திலும் ஒரே பக்கம் இருக்கிறதா, மாறி மாறி வருகிறதா? அவருடைய நடுக்களம் உங்கள் நடுக்களத்தைவிட எவ்வளவு மேல், அல்லது கீழ்?

இங்கே பக்கம் குழப்பம் வரும், கவனம். அவருடைய வலப்பக்கத் தாக்குதல் உங்கள் இடப்பக்கத் தற்காப்போடுதான் மோதும். பல வருடம் ஆடியவர்கள்கூட அவசரத்தில் வலதுக்கு வலது என்று போட்டுவிட்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் எழுதும்போதே அம்புக்குறி போட்டுக் குறுக்காக இணைத்துவிடுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற மாணவர் ஒருவர் போனைக் காட்டிக் கேட்டார்: “அண்ணே, அஞ்சு பேர பின்னால நிறுத்தினேன். அப்பவும் நாலு கோலு. இந்த கேம்ல டிஃபென்ஸுக்கு மரியாதையே இல்லையாண்ணே?”

“மொதல்ல அவன் பழைய மேட்ச எடு தம்பி. உன்னோடத அப்புறம் பாப்போம்” என்றேன்.

எதிரணியின் வலப்பக்கத் தாக்குதல் நான்கு ஆட்டத்திலும் எட்டுக்குக் குறையவில்லை. நடுத் தாக்குதல் நான்கு. இடப்பக்கம் மூன்று. நல்ல விங்கர் ஒருவர், அவருக்குப் பின்னால் முன்னேறி ஆடுகிற விங் பேக், அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிற ஃபார்வர்ட், மூவரும் வலப்பக்கம். அந்த அணியின் முழு உயிரும் அங்கேதான் இருந்தது.

மாணவர் போட்டது 5-3-2. மூன்று ஸ்டாப்பர்கள் நடுவில், இரண்டு விங் பேக்குகள் சாதாரண உத்தரவில். நடுத் தற்காப்பு ஒன்பது வந்திருந்தது. எதிரே வந்த நடுத் தாக்குதலோ நான்கு. இடப்பக்கத் தற்காப்பு ஆறு. அங்கே மோதியது எட்டரை. வலப்பக்கத் தற்காப்பும் ஆறு. அங்கே வந்தது மூன்று. நடுவில் ஐந்து படி மிச்சம், வலத்தில் மூன்று படி மிச்சம், தேவைப்பட்ட இடத்தில் இரண்டரை படி பற்றாக்குறை. ஐந்தாவது டிஃபென்டருக்காக நடுக்களத்தில் ஓர் ஆளைக் குறைத்ததால் ஆறரையாக இருந்த நடுக்களம் ஐந்துக்கு இறங்கியிருந்தது. எதிரணிக்கு வாய்ப்பும் கூடியது, அந்த வாய்ப்புகள் கோலாவதும் சுலபமானது.

திரும்பும் ஆட்டத்துக்கு நாங்கள் போட்ட வரிசை 4-5-1. இரண்டே ஸ்டாப்பர்கள். அதில் இடப்பக்கம் நிற்பவருக்கு விங் பக்கம் சாயும் உத்தரவு. இடது விங் பேக்குக்குத் தற்காப்பு உத்தரவு. இடது விங்கருக்கும் தற்காப்பு உத்தரவு. அவருடைய டிஃபென்ஸ் திறன் சுமாராக இருந்தாலும் அந்தப் பக்க ரேட்டிங்கில் ஏறும். வலப்பக்கம் வரும் தாக்குதல் மூன்றுதானே, அதனால் வலது விங் பேக்கை முன்னேறி ஆடச் சொன்னோம். நடுத் தற்காப்பு ஆறரைக்கு இறங்கியது, பயமில்லை. இடப்பக்கம் எட்டைத் தொட்டது. நடுக்களம் ஐவரோடு பழைய ஆறரைக்கு மேலேயே போனது. ஆட்டம் 1-1. மேலிடத்து அணியோடு ஒரு புள்ளி எடுத்தது அந்தச் சீசனில் அவரைக் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதிலிருந்து காப்பாற்றியது.

இந்த உதாரணத்தில் ஒருவரையும் புதிதாக வாங்கவில்லை. ஒரு டிஃபென்டரைக் குறைத்துத்தான் தற்காப்பைப் பலப்படுத்தினோம்.

தனி உத்தரவுகள்

ஸ்டாப்பருக்குச் சாதாரண உத்தரவு கொடுத்தால் அவர் பங்களிப்பில் பெரும்பகுதி நடுத் தற்காப்புக்கும் சிறுபகுதி தன் பக்கத்துக்கும் போகும். விங் பக்கம் சாயச் சொன்னால் நடுவில் குறைந்து பக்கத்தில் பெருகும். முன்னேறச் சொன்னால் தற்காப்பு குறைந்து நடுக்களம் ஏறும். பிளேமேக்கிங் திறன் உள்ள ஸ்டாப்பர் கிடைத்தால்தான் இது பலிக்கும். விங் பேக்கை நடுப்பக்கம் சாயச் சொன்னால் அவர் ஏறத்தாழ இன்னொரு ஸ்டாப்பர் ஆகிறார். எதிரணி நடுவழித் தாக்குதலையே நம்பியிருந்தால் மூன்றாவது ஸ்டாப்பரைச் சேர்ப்பதைவிட இரண்டு விங் பேக்குகளையும் உள்ளே சாய்ப்பது பல நேரம் மேல். ஆள் செலவாகவில்லை அல்லவா?

கோல்கீப்பர் மூன்று தற்காப்புப் பகுதிகளுக்கும் பங்களிக்கிறார், நடுவுக்கு அதிகமாக. உங்களிடம் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, தற்காப்பில் ஒரே ஓர் ஆளை வாங்கலாம் என்றால் முதலில் கோல்கீப்பரைத்தான் பார்ப்பேன். ஒரு ஸ்டாப்பர் மாறினால் ஒன்றிரண்டு ரேட்டிங்குகள் அசையும். கோல்கீப்பர் மாறினால் மூன்றும் அசையும்.

எதிரணி என்ன தந்திரம் போடுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நடுவழித் தாக்குதல் என்ற தந்திரத்தை அவர்கள் எடுத்தால், பக்க வழியாகப் போக வேண்டிய வாய்ப்புகளில் ஒரு பகுதி நடுவுக்குத் திரும்பும். பதிலுக்கு அவர்களுடைய பக்கத் தற்காப்பு இளகும். விங் வழித் தாக்குதல் எடுத்தால் நேர்மாறு. அவர்கள் நடுத் தற்காப்பு இளகும். ஒரே தந்திரத்தை வாரம் தவறாமல் போடுகிற மேனேஜர் எதிரே வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த வரம். எந்தக் கதவு திறந்திருக்கும் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

தனி ஒருவரைக் குறிவைத்துப் பிடிக்கும் உத்தரவும் இருக்கிறது. பிடிப்பவரும் தன் வழக்கமான வேலையில் பெரும் பங்கை இழப்பார், பிடிபடுபவரும் இழப்பார். எதிரணி முழுக்க ஒரே ஆளை நம்பி நின்றால் மட்டும் இது லாபம். 2004 யூரோ கோப்பையில் ஓட்டோ ரெஹாகலின் கிரீஸ் அணி ஆளுக்கு ஆள் பிடித்து ஆடித்தான் பிரான்ஸையும் செக் குடியரசையும் இறுதியில் போர்ச்சுகலையும் வீழ்த்தியது. மூன்று ஆட்டமும் 1-0. அந்த வெற்றியைப் படித்துவிட்டு எல்லா ஆட்டத்திலும் குறிவைக்கப் போகாதீர்கள். கிரீஸுக்கு அதற்கேற்ற ஆட்கள் இருந்தார்கள், பயிற்சி இருந்தது.

பழகாத ஃபார்மேஷன்

4-4-2 எல்லா அணிக்கும் பழகிய வரிசை. மற்ற எதற்கும் பழக்கம் வேண்டும். ஆடாமல் விட்டால் பழக்கம் குறையும். பழகாத 5-3-2 அல்லது 5-4-1-ஐ லீக் ஆட்டத்தில் திடீரென்று இறக்கினால் ஆட்டத்தின் நடுவே அணி குழம்பிவிட்டதாக அறிக்கை வரும்; வந்த நிமிஷத்திலிருந்து எல்லா ரேட்டிங்கும் சரியும். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்த எட்டும் ஒன்பதும் அப்போது உதவாது.

ஆகவே தற்காப்பு வரிசை தேவைப்படும் என்று தெரிகிற சீசனில் நட்பு ஆட்டங்களை அதற்காகவே பயன்படுத்துங்கள். கோப்பையிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிட்டால் நடுவாரம் முழுக்க உங்கள் கையில். ஐந்து டிஃபென்டர் வரிசையை அங்கே ஆடுங்கள். இதில் இரட்டை லாபம் இருக்கிறது: டிஃபென்ஸ் பயிற்சி வைத்திருந்தால் பின்வரிசையில் ஆடிய அனைவருக்கும் முழுப் பயிற்சி ஏறும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து பேர், ஆக மொத்தம் பத்துப் பையன்கள் வளர்வார்கள். வயது குறைந்தவர்கள் வேகமாக ஏறுவார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் எடுத்து வளர்ப்பதுதான் சிக்கனம். சின்ன அணிகளுக்கு டிஃபென்ஸ் பயிற்சியை நான் தயங்காமல் சொல்வது இதனால்தான். வேண்டாத டிஃபென்டரைச் சந்தையில் விற்கவும் முடியும்.

கவுன்ட்டர் அட்டாக்

பலவீனமான அணிக்கு இந்த ஆட்டம் தந்திருக்கிற உண்மையான ஆயுதம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கவுன்ட்டர் அட்டாக் தந்திரம் எடுத்தால், எதிரணியின் தாக்குதல் ஒன்று தடுக்கப்படும்போது உங்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு பிறக்கலாம். இதற்கு நிபந்தனை உண்டு: நடுக்களத்தில் நீங்கள் எதிரணியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சமமோ மேலோ என்றால் தந்திரம் வேலை செய்யாது. அதோடு தந்திரம் எடுத்தவுடன் உங்கள் நடுக்கள ரேட்டிங் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். ஆக, நடுக்களத்தில் எப்படியும் தோற்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்த ஆட்டத்துக்குத்தான் இது. பாதி மனதோடு எடுக்கிற தந்திரம் அல்ல. எடுத்தால் நடுக்களத்தை விட்டுக்கொடுத்து, அங்கே மிச்சமான ஆட்களைப் பின்னும் முன்னும் நிறுத்த வேண்டும். 5-2-3, 5-3-2 போன்ற வரிசைகள் இங்கேதான் அர்த்தமாகின்றன.

தந்திரத்தின் பலம் டிஃபென்டர்களின் பாஸிங் திறனிலிருந்தும் டிஃபென்ஸ் திறனிலிருந்தும் வருகிறது. இரண்டில் பாஸிங்குக்கே கனம் அதிகம். பந்தைப் பறிப்பது மட்டும் போதாது, பறித்த பந்தை முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் தர்க்கம். பாஸிங் தெரிந்த டிஃபென்டர் சந்தையில் சற்று விலை கூடுதலாக இருப்பார். ஒரே நாளில் ஐந்து பேரை வாங்க முடியாது. சீசனுக்கு ஒருவர், இருவர் என்று சேர்க்கலாம்.

நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி, திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்தில், ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த பெரும்படை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் சிறிய படையை மடக்கியது. ஸ்மித் அன்று தாங்கி நின்றார். ஆனாலும் அங்கேயே நிற்கவில்லை. உணவும் ஆளும் போதாது என்று திருவண்ணாமலைக்குப் பின்வாங்கி, கர்னல் உட்டின் படையோடு சேர்ந்துகொண்டார். அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலை அருகே நடந்த போரில் ஹைதர், நிஜாம் கூட்டுப்படை தோற்றது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. எண்ணிக்கையில் குறைந்தவன் களத்தை விட்டுக்கொடுத்தது தோல்வியில் முடியவில்லை. திருப்பித் தாக்கும் பலத்தைச் சேர்த்துக்கொண்டதுதான் காரணம். கவுன்ட்டர் அட்டாக்குக்கு வரிசை போடுகிறவர் முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டால் பின்வாங்கியதோடு ஆட்டம் முடிந்துவிடும். தடுத்த பந்துக்கு மூன்று வாய்ப்பு கிடைத்தும் கோலாக்க ஆள் இல்லை என்றால் என்ன பயன்? ஒரு பக்கத் தாக்குதலையாவது பலமாக வைத்திருங்கள்.

பிரஸ்ஸிங் தந்திரமும் தற்காப்பு வகைதான். இரண்டு அணிகளின் வாய்ப்புகளையும் அது குறைக்கும். அணி முழுவதும் டிஃபென்ஸ் திறனும் தெம்பும் வேண்டும்; உடல்பலச் சிறப்பு உள்ளவர்கள் இதில் இரட்டிப்பாகக் கணக்கில் வருவார்கள். பலமான எதிரணியிடம் வெளியூரில் ஒரு டிராவுக்கு ஆடும்போது எடுக்கலாம். ஆட்டக்காரர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள் என்பதால் தெம்பு குறைந்த அணி இதைத் தொடவே வேண்டாம்.

சிறப்புத் தன்மைகளும் வானிலையும்

வானிலை முன்கூட்டியே தெரியும். மழை வந்தால் நுட்ப ஆட்டக்காரர்கள் மங்குவார்கள், உடல்பலக்காரர்கள் துலங்குவார்கள். வெயிலில் நேர்மாறு. வேகக்காரர்களுக்கு மழையும் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. இரண்டு ஸ்டாப்பர்கள் சமமாக இருந்தால் வானிலையைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கணிக்க முடியாதவர் என்ற சிறப்பு உள்ளவரைப் பின்வரிசையில் நிறுத்தும்போது மட்டும் கவனம். திறன் குறைந்தவராக இருந்தால் அவர் தவறே கோலாக முடியலாம்.

தலையால் முட்டும் திறனுள்ள ஸ்டாப்பரை நான் விரும்பி வைத்துக்கொள்வேன். எதிரணியின் கார்னரைத் தடுக்கவும் உதவுவார், நம் கார்னரில் கோலும் போடுவார். 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லீக்கில் முதலிடம் பிடித்த பெங்களூரு அணி, சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரியின் கோல். அங்கிருந்து ஆட்டத்தைத் திருப்பியவர் சென்னையின் எஃப்.சி.யின் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ். இடைவேளைக்குள் கார்னர் பந்துகளில் இரண்டு முறை தலையால் முட்டினார், இரண்டும் கோல். பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட, சென்னை 3-2 என்று கோப்பையை வென்றது. டிஃபென்டர் வாங்கும்போது டிஃபென்ஸ் திறனை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கிறவர்கள் அந்த இரண்டு கோலையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே மாற்றம்

உத்தரவுப் பலகையில் நிபந்தனை உத்தரவுகள் போட இடம் உண்டு. இத்தனையாவது நிமிஷத்துக்குப் பிறகு, இத்தனை கோல் முன்னால் இருந்தால், இன்னாரை எடுத்து இன்னாரை இறக்கு என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது எழுபதாவது நிமிஷம் களைத்த விங் பேக்கை மாற்றுங்கள். தெம்பு குறைந்த டிஃபென்டர் கடைசி இருபது நிமிஷத்தில் பாதி ஆள்தான். சிவப்பு அட்டை விழுந்தால் யார் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டு கோல் முன்னால் போய்விட்டால் அணி தானாகவே பின்வாங்கி ஆடும். அதற்கென்று தனியாக டிஃபென்டரை இறக்க அவசியமில்லை.

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பௌர்ணமி இரவு, அதிலும் கார்த்திகை தீப நாள், லட்சக்கணக்கில் ஜனம் கிரிவலப் பாதையில் நடக்கும்போது இங்கே போனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆட்டம் தொடங்கச் சற்று முன்னதாகவே உத்தரவுப் பலகை மூடிவிடும். கடைசி நேரத்தில் வரிசை போடலாம் என்று காத்திருந்தால் பழைய வரிசையே களத்தில் இறங்கும், எதிரணியைப் படித்ததெல்லாம் வீண். சீசன் தொடங்கும்போதே காலண்டரில் பௌர்ணமி நாட்களையும் ஆட்ட நாட்களையும் ஒன்றாகக் குறித்துவிடுங்கள். அந்த வாரங்களில் இரண்டு நாள் முன்பாகவே வரிசையையும் நிபந்தனை உத்தரவுகளையும் போட்டுச் சேமித்துவிட வேண்டும். அன்றைக்குச் சுற்றுகிற பதினான்கு கிலோமீட்டரும் நிம்மதியாகப் போகும்.

அடுத்த லீக் ஆட்டத்துக்கு முன் நோட்டை எடுத்து வையுங்கள். எதிரணியின் கடைசி நான்கு லீக் ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஏழு எண்கள், குறுக்காக அம்புக்குறி. அதை முடித்த பிறகே உத்தரவுப் பலகையைத் திறந்து முதல் டிஃபென்டரை நிறுத்துங்கள்.